காரணமில்லாத சொடுக்கு

என் நாத்தனார் மெரெட்டேயிடம் போய் "தற்செயலா நடந்துச்சு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "அப்படியா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டு நம்மை உட்கார வைத்துவிடுவாள். பேருந்தைத் தவறவிட்டது, பால் பொங்கி வழிந்தது, பத்து வருடமாகப் பார்க்காத தோழியைச் சந்தையில் பார்த்தது, இதெல்லாம் அவள் கணக்கில் தற்செயலே இல்லை. அந்தச் சொல்லுக்கு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் உரிமை உண்டு, அந்த இடத்தில்தான் தனக்கு வேலை என்பாள்.

அது கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தரைக்குக் கீழே இருக்கும் சன்னல் இல்லாத ஓர் அறை. மெரெட்டே பேராசிரியர் இல்லை. கண்ணாடிகளைத் துடைப்பது, திருகுகளை மயிரளவு திருப்புவது, கருவிகளை நேராக நிறுத்துவது அவள் வேலை. அங்கே ஒளியைத் துளித் துளியாக அனுப்புவார்கள். எதிரே பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்று இருக்கும். துளி ஒன்று அதை ஊடுருவிப் போகும், இல்லையென்றால் பட்டுத் திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். அடுத்த துளி எந்தப் பக்கம் போகும் என்று பேராசிரியரால் சொல்ல முடியாது, கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவராலும் முடியாது என்று காபியில் ரொட்டியை நனைத்துக்கொண்டே சொல்வாள். பாதிரியார் உட்கார்ந்திருந்த பந்தியிலும் ஒருமுறை இதைச் சொன்னாள். அவர் பாவம், மீனில் முள் எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் நாளெல்லாம் அவள் செய்யும் வேலை காரணங்களைப் பிடிப்பதுதான். சொடுக்குகள் வரிசையாகப் பதிவாகும். அதில் ஏதாவது ஒழுங்கு தலைகாட்டினால் மெரெட்டேயைக் கூப்பிடுவார்கள். எங்கேயோ ஒரு காரணம் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். ஒருமுறை அது மேல்மாடிக் காபி அறையின் குளிர்ப்பெட்டி. இன்னொருமுறை மாலை வெயில் பட்டுச் சூடேறிய ஒரு சுவர். ஒரு பனிக்காலம் முழுக்கத் தேடிக் கடைசியில் அவள் கண்டுபிடித்தது, காவலாளி தன் மிதிவண்டியைச் சாய்த்துவைக்கும் குழாய். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போடுவாள். எல்லாக் காரணமும் போன பிறகு மிச்சம் நிற்பதுதான் தற்செயல். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளாம். மழைச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும் அண்ணி என்பாள்.

என் வீட்டுக்காரர் ஹோல்கர் அவளுக்கு அண்ணன். ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அவர் உலகத்தில் சிவப்பு விழுந்தால் யாரோ விழவைத்திருக்க வேண்டும். வண்டி நின்றால் அதற்கு ஓர் ஆள் பொறுப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதற்கும் நகராட்சித் தேர்தலுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு விளக்கியிருக்கிறார். குழாய் இன்னும் சொட்டுகிறது.

இப்படிப்பட்ட அண்ணனும் தங்கையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இருவருக்கும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "உனக்குத் தெரியலங்கிறதுக்காகக் காரணம் இல்லைன்னு ஆயிடுமா?" என்பார் அவர். "தெரியாதது வேற, இல்லாதது வேறண்ணே" என்பாள் அவள். ஊரில் மற்றவர்கள் இதைப் படித்த சண்டை என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது பாயாசச் சண்டை.

எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவு கடைசியாக வருவது அரிசிப் பாயாசம். குளிரவைத்துப் பாலேடு கலந்து, மேலே செர்ரிக் குழம்பு ஊற்றியது. உள்ளே எங்கேயோ ஒரே ஒரு முழு பாதாம் இருக்கும். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு, பெரும்பாலும் பாதாம் விழுதும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த ஒரு பன்றிக்குட்டி. அகப்பட்டவர் உடனே சொல்ல மாட்டார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு மற்றவர்கள் வயிறு வெடிக்கத் தின்பதைப் பார்த்து ரசிப்பார். அதிர்ஷ்டம்தான் பங்கு வைக்கிறது என்று எல்லாரும் நம்பினால்தான் அதில் ருசி.

ஹோல்கருக்கு ஒன்பது வயதில் அந்த நம்பிக்கை போய்விட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். என் மாமியார் பாதாமைச் சட்டியின் ஓரத்தில் வைத்து, விரலால் அழுத்தி, அந்த ஓரத்தில் ஒரு கரண்டி அள்ளிச் சின்னவள் மெரெட்டேயின் கிண்ணத்தில் போட்டார். அந்த வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும். பெரியவன் புரிந்துகொள்வான் என்று நினைத்திருப்பார் போல. பெரியவன் புரிந்துகொண்டதால்தான் வந்தது வினை. யாரிடமும் சொல்லாமல், தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே, வருடாவருடம் அந்தப் பாயாசத்தைத் தின்று தீர்த்தார். இதை எனக்குச் சொன்னபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. உதடு மட்டும் ஒன்பது வயசுப் பையனுடையது. எனக்கு அழுகை வந்தது, மாமியார் மேல் கோபமும் வந்தது.

மெரெட்டேக்குப் பன்னிரண்டு வயதில் ஏதோ சண்டையில் ஹோல்கர் இதை அவளிடம் மட்டும் போட்டு உடைத்துவிட்டார். அந்த வருடம் பாதாம் வழக்கம்போல் அவள் கிண்ணத்தில் விழுந்தது. அவள் மென்று விழுங்கிவிட்டாள். சட்டி காலியாகும்வரை எல்லாரும் தின்றார்கள். மாமனார் இடுப்புவாரைத் தளர்த்தினார். மாமியார் மகளுடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவும் முடியவில்லை. பாதாம் போட மறந்துவிட்டோம் போல என்று கடைசியில் பரிசுப் பன்றியை நாலாக வெட்டினார்கள். இதனால்தான் அவள் அந்த நிலவறை வேலைக்குப் போனாள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி முடிச்சுப் போடுவது என் வீட்டுக்காரர் வேலை. ஆனால் "யார் கையும் படாதது" என்று சொல்லும்போது அவள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வசந்தத்தில் மாமியார் காலமானார். மேசை, விளக்கு, கரண்டி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரிசும் ஒரே பொருளைக் கேட்டால் சீட்டுப் போடுவது எங்கள் வழக்கம். பாகம் பிரித்துத் தரும் வக்கீலம்மா தன் அலுவலகத்தில் ஒரு காபிக் கோப்பையில் இரண்டு காகிதத்தை மடித்துப் போட்டார். விளக்கு மெரெட்டேக்குப் போனது. கரண்டிகளும் அவளுக்கே. ஹோல்கரின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அப்புறம் வடக்குக் கடற்கரையில் இருக்கும் கோடைவீட்டின் முறை வந்தது. இரண்டு பேருக்கும் உயிர் அதில்தான். அந்தத் தார்க் கூரையைத் தகப்பனோடு சேர்ந்து போட்டவர் ஹோல்கர். மெரெட்டேயோ ஓய்வு பெற்றதும் அங்கேயே போய் இருந்துவிட வேண்டும், பனிக்காலத்திலும் காலையில் கடலில் இறங்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் இருந்தபோதே கூட்டாக வைத்துப் பார்த்தார்கள், ஆளுக்குப் பாதிக் கோடை என்று. கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளியை யார் கொட்டாமல் போனது என்பதிலேயே இரண்டு கோடை போயிற்று.

"சரி, வீடு. மெரெட்டே, நீங்க முதல்ல எடுங்க" என்றார் வக்கீலம்மா.

ஹோல்கர் எழுந்து கோட்டை மாட்டினார். "ஏன் அவ முதல்ல?"

"சின்னவங்க முதல்ல எடுக்கிறது வழக்கம் சார்."

"தெரியும்மா. எங்க வீட்லயும் அதான் வழக்கம்."

"ஹோல்கர், உக்காருங்க, பச்சைப்புள்ள மாதிரி" என்றேன்.

"அந்தக் கோப்பையில நான் கை விடமாட்டேன். சீட்டை மடிச்சது ஒரு கை, குலுக்கினது ஒரு கை. கை இருக்கிற இடத்துல தற்செயல் ஏது?"

போய்விட்டார். வக்கீலம்மா பொறுமையாக ஒரு மாதம் தவணை சொன்னார். அதற்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் வீட்டை வெளியாளுக்கு விற்றுவிட வேண்டியதுதான். படியிறங்கும்போது மெரெட்டே என் கையைப் பிடித்தாள். "வீடு போனா அதோட போயிரும் அண்ணி. அண்ணன் என்கிட்ட பேசமாட்டாரு, சாகறவரைக்கும் அம்மா பாதாம் வெச்சுக் குடுத்த புள்ளைன்னே என்னைப் பார்ப்பாரு" என்றாள். அது பொய் இல்லை. அவருடைய பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சனிக்கிழமை பகல்ல கோடைவீட்டுக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. கையே இல்லாத சீட்டு ஒண்ணு கொண்டு வர்றேன்."

அவள் கொண்டுவந்தது காலணிப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. நிலவறைக் கருவியின் குட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் செய்தது. மேலே ஒரு பித்தான், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. பித்தானை அழுத்தினால் ஒரே ஒரு துளி ஒளி புறப்படும். ஊடுருவினால் பச்சை, திரும்பினால் சிவப்பு. சமையலறை மேசையில் கம்பு ரொட்டி, ஊறவைத்த மீன், காபி, நடுவில் அந்தப் பெட்டி. ஹோல்கர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடாத ரயிலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"கண்ணாடி சரிபாதின்னு யார் சொன்னது?" என்று ஆரம்பித்தார்.

"சரிபாதி இல்லண்ணே. எந்தக் கண்ணாடியும் சரிபாதி கிடையாது. இது கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும்."

"பாத்தியா விபேகே? அவளே சொல்றா!" என்று என் பக்கம் திரும்பினார்.

"முழுசாக் கேளுங்க. அதனாலதான் ரெண்டு ரெண்டா அழுத்துவோம். ரெண்டும் ஒரே நிறமா வந்தா அதைத் தள்ளிடுவோம். வேற வேற நிறமா வந்தா முதல்ல வந்தது ஜெயிச்சது. பச்சை அதிகமாவே விழட்டும், பச்சைக்கப்புறம் சிவப்பு வர்றதும் சிவப்புக்கப்புறம் பச்சை வர்றதும் ஒரே அளவுதான்."

ஹோல்கர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மேசையில் போட்டுப் போட்டுப் பார்த்தார். தப்பு அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குப் பிடிக்கவும் செய்தது, அது எனக்குத் தெரிந்தது.

"சரி, நியாயம்னே வெச்சுக்கோ. ஆனா தற்செயல் இல்ல. அந்தத் துளி பொறப்படும்போதே எந்தப் பக்கம் போகணும்னு சட்டைப்பையில சீட்டு வெச்சிருக்கும். உனக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான்."

"அதையும் சோதிச்சாச்சுண்ணே. கூடப் பொறந்த ரெண்டு துளியை ஆளுக்கொரு கோடிக்கு அனுப்பி, தனித்தனியா விசாரிப்போம். பதிலை முன்கூட்டியே பையில எழுதிட்டு வந்திருந்தா, அவங்க பதில் இந்த அளவுக்கு மேல ஒத்துப்போக முடியாதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அதைத் தாண்டி ஒத்துப்போகுது. அப்ப பையில சீட்டு இல்ல."

"நடுவுல பேசிவெச்சிருக்கும்."

"பேச நேரமே குடுக்கிறதில்ல. ஒளி ஓடியே சேதி சொன்னாலும் நேரம் பத்தாது."

அவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத காபி. பிறகு நிமிர்ந்தார், கண்ணில் பழைய மினுக்கு. "நீ என்ன கேள்வி கேப்பேங்கிறதும் முன்னாடியே எழுதியிருந்தா? துளி, உன் கேள்வி, உன் தலை, எல்லாம் உலகம் பொறந்த அன்னிக்கே போட்ட ஒரே கால அட்டவணையா இருந்தா?"

மெரெட்டே கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொன்னா என்னால மறுக்க முடியாது. யாராலயும் முடியாது."

"ஆங்!" என்று மேசையைத் தட்டினார் என் வீட்டுக்காரர். மீன் தட்டு குதித்தது.

"இருங்க. அப்படீன்னா அம்மாவோட கையும் அந்த அட்டவணையிலதானே ஓடுச்சு? பாதாம் என் கிண்ணத்துல விழணும்னு உலகம் பொறந்த அன்னிக்கே எழுதியிருந்தா, அம்மா மேல எதுக்குண்ணே இத்தனை வருஷக் கோவம்? எல்லாம் எழுதிவெச்சதுன்னு சொல்லுங்க, இல்ல அம்மா மேல கோவப்படுங்க. ரெண்டையும் ஒரே பையில வெச்சுக்க முடியாது."

என் வீட்டுக்காரருக்குச் சொல்ல நான் நாற்பது வருடமாகத் தேடிய பதிலை என் நாத்தனார் ஒரு காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஹோல்கர் குதித்த மீன் தட்டை இழுத்து நேராக வைத்தார். "அந்தக் கோவம் எனக்கு வேணும்" என்றார். "அம்மா வேணும்னுதான் செஞ்சா. அதை எழுதிவெச்சதுன்னு விட்டுக்குடுக்க மாட்டேன்."

"சரிண்ணே. அப்ப எல்லாமே எழுதிவெச்சது இல்ல."

"பச்சை எனக்கு" என்றார்.

பித்தானை நான் அழுத்துவதென்று ஆயிற்று. ஒழுகும் கூரையும் எலிப் புழுக்கையும் உள்ள அந்த வீடு எனக்கு வேண்டவே வேண்டாம். என்னைவிட நடுநிலையான ஆள் டென்மார்க்கில் கிடைக்காது. அழுத்தினேன். சொடுக். பச்சை. மறுபடி அழுத்தினேன். பச்சை. தள்ளிவிட்டோம். அடுத்து சிவப்பு, இன்னொரு சிவப்பு. தள்ளிவிட்டோம். ஹோல்கர் மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார். மெரெட்டே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், பெட்டியைத் தொட்டுவிடுவோமோ என்று தனக்கே பயம்போல.

பச்சை.

அடுத்து அழுத்தினேன். சிவப்பு.

சிவப்பைப் பார்த்ததும் ஹோல்கருக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம், சிவப்பு என்றால் நின்றுபோனது என்றுதான் அவருக்கு அர்த்தம். "முதல்ல வந்தது பச்சை" என்று நான்தான் சொன்னேன். "வீடு உங்களுக்கு."

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். "உள்ள என்ன வெச்சிருக்கே?"

"என்ன?"

"எனக்கே விழற மாதிரி ஏதோ வெச்சிருக்கே. பாவம், அண்ணன் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னு. அம்மா உனக்குப் பண்ணினதை நீ எனக்குப் பண்றே. அதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றாலும் ஒரு கை, ஜெயித்தாலும் ஒரு கை! இந்த மனுஷனுக்கு வானத்திலிருந்து மழை பெய்தாலும் மேலே யார் வாளியோடு நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் மெரெட்டே எழுந்து இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். "தெறந்து பாருங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. நான் என் வாழ்க்கை பூரா செஞ்சது அதுதான், உங்களைவிட அதிகமாக் காரணம் தேடினவ நான்..." என்று சொல்லிக்கொண்டே திருகில் வைத்தாள். திருப்புளி வழுக்கி மேசையைக் கீறியது. அவள் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நாசூக்காக இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, எதையோ தொலைத்த குழந்தைபோல. "எனக்கு இந்த வீடு வேணும்ணே" என்றாள். "காலையில அந்தப் படி வழியா இறங்கிக் கடலுக்குப் போகணும்னு எவ்வளவு நாளா நெனச்சுட்டிருந்தேன். முதல்ல சிவப்பு வரணும், சிவப்பு வரணும்னு உள்ளுக்குள்ள கெஞ்சிட்டே இருந்தேன். வெட்கமா இருக்கு. கெஞ்சினா அது கேக்காதுன்னு எனக்கே தெரியும். எனக்குப் போயிருச்சுண்ணே. நெஜமாவே போயிருச்சு."

ஹோல்கர் அவளையே பார்த்தார். இந்த அறுபது வருடத்துக்கு மேல் அவர் எத்தனையோ கணக்குகளையும் விளக்கங்களையும் கேட்டிருக்கிறார், ஒன்றும் அவரை அசைத்ததில்லை. இப்போது தன் தங்கையின் வீங்கிய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தவள் இப்படி அழமாட்டாள். கை வைத்தவள் இப்படி அழமாட்டாள். இது தோற்றவளின் அழுகை. அது மெல்ல மெல்ல அவருக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

தானே எழுந்து போய் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார். வீட்டை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தேன். சொல்லியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும், மறுபடி ஒரு கை நடுவில் வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அவர் உதடு துடித்தது, பிறகு விரிந்தது. கடைசியில் சத்தமாகவே சிரித்துவிட்டார், பக்கத்தில் தங்கை அழுதுகொண்டிருக்கும்போதே, வெட்கம் கெட்ட மனுஷன்.

"நான் ஜெயிச்சுட்டேன் விபேகே" என்றார் என்னிடம்.

மெரெட்டே மூக்கைச் சிந்தினாள். "ஆமாண்ணே" என்றாள். "உங்களுக்கு யாரும் குடுக்கல."